மாஸ்டர் வீட்டு வாசல்

செப்டம்பர் 14, ஞாயிறு

மானம் போயிற்று. கல் எடுக்கப் போன இடத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கல்மேல் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிற மனுஷன் எந்த ஊரிலாவது உண்டா? என் வீட்டில் உண்டு.

வாசலுக்கு இன்டர்லாக் கல் பதிக்கலாம் என்று ஆரம்பித்தது நான்தான். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் வெறும் செம்மண். மழை வந்தால் சேறு. மகள் கிருத்திகாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. ஈரோட்டில் அவள் மாமியார் வீட்டில் கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் ஐப்பசிக் கடைசியில் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வரவேண்டும். போன வாரம் சம்பந்தியம்மா போனில், "உங்க வாசல்ல மழைக்கு ஆடே வழுக்கி உளுகுமே, புள்ளயப் பாத்துக்கோங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

பல்லடம் ரோட்டில் தண்டபாணி என்பவருடைய கல் கம்பெனிக்குப் போனோம். மனுஷன் வாய் மூடுவதில்லை. வளைந்து நெளிந்த ஜிக்ஜாக், அறுகோணம், எலும்புத் துண்டு மாதிரி ஒன்று என்று காட்டிக்கொண்டே போனார். ரப்பர் அச்சில் வார்த்த கல் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கலந்து பதித்து வைத்திருந்தார்கள். பார்த்ததுமே எனக்கு அதுதான் என்று ஆகிவிட்டது.

"செவப்புலயே மூணு ஷேடு இருக்குதுங்க. மாஸ்டர் சொல்லோணும். உங்க கண்ணுக்குத் தெரியாததா?" என்றார் தண்டபாணி.

"எந்தக் கலரா இருந்தா என்னப்பா. மண்ணு படறதுதானே" என்றார் இவர்.

சொன்னது யார்? முப்பது வருஷமாகத் திருப்பூர் சாயப்பட்டறைகளில் டையிங் மாஸ்டர். வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் பிடித்து, இதில் நீலம் ஒரு சொட்டு தூக்கல் என்று சொல்கிற நாச்சிமுத்து. சேலைக்குச் சேரவில்லை என்று என் ரவிக்கைத் துணியை எத்தனை தடவை கடைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். வெள்ளைக்காரனுக்குப் போகிற பனியன் என்றால் அரை ஷேடு மாறக் கூடாது. சொந்த வாசல் என்றால் எந்தக் கலரானாலும் சரி!

கடைசியில் பளபளப்புக் கல்லில் ஏறி நின்றார். இறங்கினார். "இது வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தோம்.

செப்டம்பர் 15, திங்கள்

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ரசத்தில் உப்பு குறைவு என்பதைக்கூட உப்பு ஜாடியை இழுத்துத்தான் தெரிவித்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

தண்டபாணி மாதிரிக் கற்களை மினி ஆட்டோவில் அனுப்பியிருக்கிறார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்தாயிற்று. இவர் காலையில் பல் விளக்கியதும் அதன்மேல் வெறுங்காலில் நடக்கிறார். முன்னே போகிறார், திரும்பி வருகிறார். எதிர்வீட்டு ஜோதிமணி கேட்டிலேயே நின்று, "ஏனுங்க வசந்தாக்கா, அண்ணன் தீக்குண்டம் எறங்கறதுக்கு ஒத்திகை பாக்கறாரா?" என்கிறாள்.

"இது மொழுமொழுன்னு இருக்குது. இது காலுக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது" என்றார்.

"கல்லு எதுக்குங்க பேசோணும்? நீங்க பேசுனாப் போதும்" என்றேன்.

நடந்து முடித்துத் திரும்பும்போது அந்தக் கற்களிலேயே இடித்துக்கொண்டு கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. "நீ எதுக்கு எடத்த மாத்தி வெச்ச?" என்று என்மேல் பாய்ந்தார். நான் தொடவே இல்லை. வீட்டில் எதில் இடித்தாலும் இப்போது நான்தான் மாற்றி வைத்தவள். ஆடி மாதத்திலிருந்து ஸ்கூட்டருக்கு உறை போட்டாயிற்று, பட்டறைக்கு மினி பஸ்ஸில் போகிறார். கேட்டால் முதுகு வலியாம். மாதத்தில் இரண்டு நாள் மிஷின் ஸ்பேர் வாங்கக் கோயம்புத்தூர் போய்விட்டு, களைத்துப்போய் வெறுங்கையோடு வருகிறார்.

இன்னொன்றும் எழுதுகிறேன். இந்த டைரியை அவர் திருட்டுத்தனமாகப் படிப்பது வழக்கம். "நேத்து என்னைய மலைமாடுன்னு எழுதியிருக்கறயே, மாடுன்னா பத்தாதா?" என்று சோறு தின்னும்போது கேட்பார். எனக்கு ஆத்திரமாக வரும், சிரிப்பும் வரும். இப்போது மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதுவது என்ன, இருப்பதே அவருக்குக் கணக்கில் இல்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

கிருத்திகா போனில் அறுகோணம் என்கிறாள், சாம்பல் நிறமாம். பெற்றுப் பிழைத்து வருகிற வழியைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இவர் ஒருவழியாக வாயைத் திறந்தார். கேட்டிலிருந்து படிக்கு நேராக ஒரு நடைபாதையாம். அது மட்டும் சொரசொரப்புக் கல்லாம். அதிலிருந்து குழாயடிக்கு ஒரு கிளையாம். மற்ற இடத்தில் நான் என்ன கல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம்.

"அகலமா கெடக்கற வாசல்ல நடுவுல எதுக்குங்க ஒரு தடம்? பஸ் ஸ்டாண்டா இது?"

"சும்மா ஒரு இதுக்குத்தான்."

"எதுக்குன்னுதான் கேக்கறேன்."

"உடு. உனக்குச் சொன்னாப் புரியாது."

முப்பது வருஷம் புரிந்தது, இப்போது புரியாதாம். டம்ளரை மேஜைமேல் வைத்தார். பாதி மேஜையில், பாதி காற்றில். விழுந்து உருண்டது. துடைத்தது நான்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வருஷா வருஷம் சாமி படத்துக்கு முன்னால் அவருடைய ஷேடு கார்டு கட்டை வைப்பார். ஆயிரம் நிறம் இருக்கும் அதில். ஓரத்தில் சந்தனம் வைப்பது என் வேலை, நிறத்தில் படாமல் வைக்கிறேனா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார். இன்றைக்குத் தேடினால் காணோம்.

"பட்டறையில புதுசா ஷேடு பாக்கறவனுக்குக் குடுத்துப்போட்டேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்தது. எனக்கே தொட அனுமதி கிடையாது. ஏன் என்றேன். "அவனுக்கு வேணுமில்ல" என்று எழுந்து போய்விட்டார். அந்த இடத்தில் அரிவாள்மணையையும் கத்தரிக்கோலையும் வைத்துக் கும்பிட்டேன். மனசே ஒட்டவில்லை.

அக்டோபர் 4, சனி

விடிய விடிய மழை. வாசல் முழுக்கச் சேறு. பால்காரர் வழுக்கி, கேட்டைப் பிடித்துத் தப்பித்தார். என் பொறுமையும் அத்தோடு தீர்ந்தது. தண்டபாணிக்குப் போன் போட்டேன். பளபளப்பு ஜிக்ஜாக், சிவப்பும் மஞ்சளும், வாசல் முழுக்க. நடுவில் தடமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இவரிடம் சொன்னேன். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

சண்டை போட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மண்ணை வெட்டி, ஜல்லி போட்டு, கிரஷர் தூள் பரப்பி, அதிர்கிற மிஷினை ஓட்டி வேலை முடிந்தது. தண்ணீர் தெருப்பக்கம் ஓட வாட்டம் சரியாக இருக்கிறது. வாசல் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. ஜோதிமணி கண்ணாலேயே தின்கிறாள். போட்டோ எடுத்துச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பொறாமைதான்.

இவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். பார்வை வேறு எங்கேயோ இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

எனக்கு இன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் கல்லில் கால் வைக்கமாட்டாராம்!

பொழுதோடு பட்டறையிலிருந்து வந்தவர் கேட்டுக்குள் நின்றார். லேசாகத் தூறல். நேராக வந்தால் பத்து எட்டில் படி. வரவில்லை. இடதுகைப் பக்கமாகத் திரும்பி, காம்பவுண்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தார். குழாயடி, துவைக்கிற கல், முருங்கை மரம் எல்லாம் தாண்டி, வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கு வந்து சேர்ந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

இது என்ன பிடிவாதம்? கேட்காமல் போட்டேன், தப்புதான், அதற்கு ரெண்டு திட்டு திட்டலாம். இப்படி ஊர் பார்க்க ஒதுங்கி நடந்து காட்ட வேண்டுமா? துண்டை எடுத்து முன்னால் வீசினேன். அது காலடியில் விழுந்த பிறகுதான் குனிந்து எடுத்தார். உள்ளங்கையெல்லாம் சுவரின் பாசி, பச்சையாக.

அக்டோபர் 15, புதன்

ஓரத்தில் ஒரு கல் ஆடுகிறது என்று சொல்லியிருந்தேன். தண்டபாணியே வந்து சரிபண்ணினார். மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "மாஸ்டருக்கு எம்மேல வருத்தமாக்கா? அவரு கேட்ட கல்லு நாங்க வார்க்கறதில்லீங்க" என்றார்.

"எந்தக் கல்லு?"

"உங்ககிட்டச் சொல்லலீங்களா? நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போன மறுநாளே தனியா வந்தாரு. ரயில்வே டேசன் பிளாட்பாரத்துல மஞ்சக் கல்லு இருக்குமில்லீங்க, கோடு கோடா, குமிழ் குமிழா? அது ஒரே ஒரு வரிசை கெடைக்குமான்னாரு. எதுக்குங் மாஸ்டர், வாசல்ல ரயிலு உடப் போறீங்களான்னேன். அப்புறம் அவரே, வேண்டாம் உடு, வீதியில போறவங்க என்னன்னு கேப்பாங்கன்னுட்டுப் போயிட்டாரு."

தண்டபாணி சிரித்தார். நானும் சிரித்தேன். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

அந்தக் கல் யாருக்காகப் பதிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கிருத்திகாவை ரயில் ஏற்றப் போனபோது கண் தெரியாத ஒரு அம்மா கோலைத் தட்டிக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே போனார். இன்றைக்கு இதற்குமேல் எழுத முடியாது.

அக்டோபர் 17, வெள்ளி

செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். தீபாவளிக்கு எடுத்த கிளிப்பச்சைச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே ஒரு ரவிக்கைத் துணியைப் பிடித்தேன். பட்டப்பகல், கூடத்தில் நல்ல வெளிச்சம்.

"ஏனுங்க, இது இதுக்குச் சேருதுங்களா?"

கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "அப்படியே ஒட்டிக்கிச்சு போ" என்றார்.

அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன்.

அக்டோபர் 18, சனி

அவர் பட்டறைக்குப் போனதும் கேட்டை உள்ளே தாழ் போட்டேன். செருப்பைக் கழற்றினேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படியைப் பார்த்து நடந்தேன்.

எல்லாக் கல்லும் ஒரே கல். மொழுமொழுவென்று வாசல் முழுக்க ஒரே மாதிரி. எங்கே இருக்கிறேன் என்று கால் சொல்லவே இல்லை. படி வந்துவிட்டது என்று நினைத்துக் காலைத் தூக்கினேன், இல்லை. இன்னும் நடந்தேன், துவைக்கிற கல்லில் முழங்கால் இடித்தது. கண்ணைத் திறந்தால் குழாயடியில் நிற்கிறேன். முன்பு மண் வாசலில் கேட்டிலிருந்து படி வரை எங்கள் கால் பட்டுப் பட்டு ஒரு தடம் அழுந்திக் கிடந்தது. அவருக்கு இருந்த அந்த ஒன்றையும் நான்தான் வெட்டி எடுத்து, பளபளவென்று மூடியிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். கல்லுக்காரரிடம் போய்ச் சொல்ல முடிகிறது, கட்டினவளிடம் சொல்ல வாய் வரவில்லையா? நான் என்ன, எதிர்வீட்டு ஜோதிமணியா?

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துவிட்டேன். பட்டாசு வெடிக்கவில்லை. மகளும் மருமகனும் போனில் பேசினார்கள். இருவரும் நன்றாக இருக்கிறோம் என்று இருவரும் சொன்னோம்.

அக்டோபர் 23, வியாழன்

தண்டபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். "பதிச்சு ரெண்டு வாரம் ஆகலீங்களே அக்கா! ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்ட கல்லுங்க இது. நடுவுல புடுங்குனா ரெண்டு பக்கமும் லொடலொடத்துப் போயிரும்."

"புடுங்குங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் சேத்து இறுக்குங்க."

கம்பெனிக்கே போய் மிஷினில் அழுத்திய சாம்பல் கற்களில் ஏறி நின்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான். அங்கே வேலை செய்கிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு கல்லில் நீள நீளமாகக் கோடு இருந்தது, காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. மஞ்சளும் இல்லை, குமிழும் இல்லை, வீதியில் போகிறவர்கள் கேட்க ஒன்றும் இல்லை. அதை எடுத்தேன்.

இவரிடம், "இந்தக் கல்லு வழுக்குதுங்க. வயித்துப்புள்ளக்காரி நடக்கணும். நடுவுல மாத்தறேன்" என்றேன்.

"நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கு வெட்டிச் செலவு?" என்றார்.

அவரும் பொய், நானும் பொய். எனக்கு இந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

தடம் போட்டாயிற்று. வேலையாட்கள் இருக்கும்போதே கண்ணை மூடி நடந்தேன். நேராகப் போகிறது, குழாயடிக் கிளையும் தெரிகிறது. ஆனால் படி வருவது தெரியவில்லை, முட்டிக்கொண்டேன். படிக்கு முன்னால் இரண்டு வரிசையைப் பெயர்த்து, கோடு குறுக்காக வருகிற மாதிரித் திருப்பிப் போடச் சொன்னேன். "இதென்ன டிசைனுங்க்கா?" என்றார் தண்டபாணி. என் டிசைன் என்றேன். மறுபடி நடந்தேன். கோடு மாறியதும் கால் தானாக நின்றது.

அக்டோபர் 30, ராத்திரி

பொழுதோடு மழை பிடித்துக்கொண்டது. கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு, கூப்பிடாமல் பார்த்தேன்.

கேட்டைத் திறந்து வந்தார். வழக்கம்போலக் கை சுவரைத் தேடிப் போனது. அதற்குள் கால் கோட்டுக் கல்மேல் பட்டுவிட்டது. நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஓர் எட்டு வைத்தார், இன்னோர் எட்டு. அப்புறம் சாதாரணமாக, சந்தைக்குப் போய் வருகிற மாதிரி, நேராக நடந்து வந்தார். படிக்கு முன்னால் குறுக்குக் கோட்டில் நின்று, காலால் தடவிப் பார்த்தார். படி ஏறினார்.

தலை துவட்டத் துண்டை இந்தத் தடவை கையில் கொடுத்தேன். "அடுத்த தடவ ஸ்பேர் வாங்கக் கோயம்புத்தூருக்கு நானும் வர்றேன்" என்றேன்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் துடைத்தார். "எப்பத் தெரியும்?"

"ரயிலு உடப் போனீங்களாமே."

"கிருத்திகா பெத்துப் பொழைக்கட்டும்னு பாத்தேன், வசந்தா. கண்ணு நரம்பு காஞ்சுக்கிட்டே வருதாம். போனது போனதுதானாமா. இருக்கறத மருந்து ஊத்திக் காப்பாத்தலாம்ங்கறாங்க." துண்டை மடித்துத் தோளில் போட்டார். "ஷேடு தெரியாத டையிங் மாஸ்டரை யாரு மாஸ்டர்னு கூப்புடுவாங்க?"

நான் திட்டினேன். இத்தனை நாள் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் கொட்டித் திட்டினேன். ஸ்கூட்டர், டம்ளர், ஷேடு கார்டு, சுவர், பாசி, ஒன்று விடவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். எனக்கு மூச்சு வாங்கியதும், "இதெல்லாம் டைரியிலயும் இருக்குதா? ஆடியில இருந்து படிக்கவே முடியல" என்றார்.

எடுத்து வந்து படித்துக் காட்டினேன். குண்டம் இறங்குகிற இடத்தில் சிரித்தார். சுவர் வந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். சேலை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அன்னைக்கு என்ன கலர் ரவிக்கை வெச்சிருந்த?"

"நாவப்பழக் கலரு."

"கிளிப்பச்சைக்கா? அடிப்பாவி!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். அப்புறம், "நான் சொல்றத எழுது" என்றார்.

"சொல்லுங்க."

"அந்தச் செவப்புக்கு அந்த மஞ்சள் சேரல. மஞ்சள் அரை ஷேடு தூக்கல்."

"ஆமா, பாத்தீங்களாக்கும்!"

"சொல்றது மாஸ்டர். எழுது."

எழுதிவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

காலையில் நல்ல வெயில். வாசலில் இறங்கி நின்று பார்த்தேன். அரை ஷேடு தூக்கல்தான்.